அதிபத்தர் விட்ட மீன்: குளச்சற் கரைப் பொருள்வளம் குறித்ததோர் ஆராய்ச்சி

பொருள் பெருகிய நாட்டிற் பண்பாடு குன்றும் என்பது பலராலும் பலகாலும் கூறப்படும் முறையீடு. முதலாளித்துவம் என்னும் பொருளியன் முறை, உலகம் முன் கண்டிராத அளவிற்குப் பண்டங்களை விளைவித்துக் குவித்தது என்பதை அதன் பகைவரும் மறுத்திலர். 1848இல் வெளிவந்த பொதுவுடைமை அறிக்கையே அதன் ஆக்கவன்மையை வியந்து பேசுகின்றது. அவ்வாக்கத்திற்கு ஈடாக மக்கள் இழந்தது யாது என்பதே வழக்கு. இவ்வழக்கில் ஒருசாரார் அருகிப்போன கலைகளையும் நோன்புகளையும் எண்ணிக் காட்டுவர். மற்றொருசாரார் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் எண்ணிக் காட்டுவர். இருவர் எண்ணிக்கையும் மெய்யே. ஆயினும் ஒருவர் கூற்று மற்றவர் கூற்றைச் சென்று தொடுவதில்லை. பொதுவில் நின்று பேசுந்துணையும் இப்பிணக்குத் தீராது. ஆகலின் ஓரிடத்தைக் கைக்கொண்டு, அவ்விடத்துச் செல்வம் எவ்வாறு வந்தது, எங்குச் சென்றது, செல்லும் வழியில் எதனை விட்டுச் சென்றது என்று நோக்குதலே தக்கது.

அதற்கேற்ற இடம் கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சல். உலகின் பெருங்கும்பினி ஒன்று படையுடன் வந்திறங்கித் தோற்றது அக்கரையில். அதனை அடுத்த மணவாளக்குறிச்சியின் கரைமணலே பின்னாளிற் கடல்கடந்து விலைபோயிற்று. மாசித் திங்கட் சிவராத்திரியை ஒட்டி அன்பர்கள் பன்னிரு சிவாலயங்களை நாடி ஓடும் ஓட்டம் நிகழ்வதும் அதனைச் சூழ்ந்த பழைய கல்குளம், விளவங்கோடு வட்டங்களிலேயே. இம்மூன்றையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கு வழக்கின் உண்மை ஒருவாறு புலப்படும்.

அதற்குமுன் சித்தாந்தத்தின் நிலை இன்னதெனத் தெளிதல் வேண்டும். என்னை? செல்வத்தைப் பழித்தலே சமயத்தின் கடன் என்று கருதுவார் சைவருள்ளும் உளர். உலகு வெறுந்தோற்றம் என்பார்க்கு அப்பழிப்பு எளிது; கனவிற் கண்ட பொன்னை இகழ்தற்கு முயற்சி வேண்டா. சித்தாந்திக்கோ உலகு உள்பொருள். மாயையினின்று தனு, கரண, புவன, போகங்களைத் தோற்றுவித்து உயிர்கட்கு உதவுபவன் இறைவன். ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு மாயாகாரியங்கள் விடியுமளவும் நின்றெரியும் விளக்குப்போல உதவுவன என்பது சித்தாந்த நூற்றுணிபு. ஆகவே உண்பனவும் உடுப்பனவும் விற்பனவும் கொள்வனவும் எல்லாம் உயிர் பக்குவமுறுதற்கு வாய்த்த கருவிகளே. அவற்றின் பெருக்கம் தன்னளவிற் குற்றமாதல் இல்லை. அக்கருவியைப் பற்றிக்கொண்டு 'எனது' என்று இறுகுதலே ஆணவத்தின் செயல். கருவி பெருகுங்கால் அப்பிடி இறுகுதலும் கூடும், தளர்தலும் கூடும். இரண்டனுள் எது நிகழ்ந்தது என்று கேட்பதே இவ்வாராய்ச்சியில் முறையான வினாவாம்.

சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் வரலாறு கூறுமிடத்து வணிகரை விலக்கினாரல்லர். காரைக்காலம்மையார் தோன்றியது வணிகர் குடியில். இயற்பகையார், மூர்த்தியார், கலிக்கம்பர், அமர்நீதியார் ஆகியோரும் வணிகரே. பழையாறையிற் பொன்னும் மணியும் துகிலும் விற்ற அமர்நீதியார், தம் பண்டம் முழுவதையும் ஒரு கோவணத்திற்கு நேர்நிறுத்த முயன்று, நிறை ஒவ்வாமை கண்டு, முடிவில் மனைவியோடும் மைந்தனோடும் தாமே தட்டில் ஏறினார். நாள்தோறும் கையாண்ட துலாக்கோலே அவ்வணிகர்க்கு வீடுபேற்றின் வாயிலாயிற்று.

இவரினும் குளச்சற் செய்திக்கு நெருங்கியவர் நாகைக் கடற்கரையில் நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்தர். வலையில் விழும் மீன்களுள் ஒன்றை நாள்தோறும் இறைவற்கென்று கடலில் விட்டு வந்தவர் அவர். பிடிபாடு குன்றி ஒரே மீன் அகப்பட்ட நாள்களிலும் அதனை விட்டுவிட்டு வறிதே கரையேறினார், சுற்றம் பசித்திருந்தது. பின்னொருநாள் பொன்னும் மணியும் இழைத்தாற்போன்ற மீனொன்று தனியே வலைப்பட்டது. அதனையும் விட்டார். இவ்வரலாற்றைத் துறவுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவாரே பலர். அவர் துறவியல்லர், நுளையர் தலைவர். வலையும் படகும் அவர்பால் இருந்தன, பிடித்த மீன் விலைபோயிற்று, குடி வாழ்ந்தது. ஒரு மீன்மட்டுமே விலைக்கு அப்பாற்பட்டது. அவ்வாறு விலைக்கு அகப்படாது விடப்பட்ட பகுதியினின்றே கோயிலும் குளமும் பண்ணும் கூத்தும் கல்விச்சாலையும் அன்னசாலையும் தோன்றின. பண்பாடு என்று இந்நாளிற் சுட்டப்படுவது பெரும்பாலும் இவ்விடுபட்ட பகுதியேயாம். எனவே முதலாளித்துவம் பண்பாட்டை அழித்ததா என்னும் வினாவைச் சிறிது திருத்தி, அம்முறையில் அந்த ஒரு மீன் விடப்படுகின்றதா என்று கேட்டல் பொருந்தும்.

இனிக் குளச்சற் செய்திக்கு வருவோர் முதலிற் காண்பது மிளகு. 1602இல் நிறுவப்பெற்ற ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கும்பினி, பங்குகளைப் பொதுமக்களிடை விற்று முதல் திரட்டிய பெருநிறுவனங்களுள் முற்பட்டது. பதினெழுவர் அடங்கிய அவை அதனை நடத்திற்று. மலைநாட்டு மிளகைத் தான் குறித்த விலைக்குத் தானே கொள்ளல் வேண்டும் என்பது அக்கும்பினியின் நோக்கம். வேணாட்டைத் திருவிதாங்கூர்ப் பேரரசாக விரித்துவந்த மார்த்தாண்டவர்மர் (ஆட்சி 1729 – 1758) அதற்கு இடையூறாயினார். இலங்கையினின்று வந்த கும்பினிப்படை குளச்சலில் இறங்கிற்று. 1741இல் அப்படை முறியடிக்கப்பட்டது. சிறைப்பட்டோருள் ஒருவராகிய டிலனாய் பின்னர் அம்மன்னருக்கே படைத்தலைவராய், உதயகிரிக் கோட்டையில் வாழ்ந்து 1777இல் மறைந்தார். அக்கோட்டையிலுள்ள அவர் கல்லறையில் இலத்தீன் எழுத்தோடு தமிழெழுத்தும் பொறிக்கப்பெற்றுள்ளது. கும்பினியின் கூலியாளாய் வந்த ஒருவர் ஓரூரின் மனிதராய் முடிந்தமைக்கு அக்கல் சான்று.

இப்போரை முதலாளித்துவத்தைப் பண்பாடு வென்ற போராகப் பாராட்டுதல் சிலர்க்கு உவப்பாகலாம். வரலாறு அதற்கு இடந்தருவதில்லை. கும்பினி வேண்டிய தனியுரிமையை மன்னர் தாமே எடுத்துக்கொண்டார்; மிளகு வாணிகம் அரசின் தனிவாணிகமாயிற்று; இராமய்யன் தளவாயின் மேற்பார்வையிற் பண்டகசாலைகள் எழுந்தன. 1753இல் மாவேலிக்கரையில் அதே ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்து, மிளகு கொடுத்துப் படைக்கலம் பெறவும் இசைந்தார். வாணிகத்தில் இருவரும் ஒருதன்மையரே. வேறுபாடு தோன்றுவது ஈட்டிய பொருளை என்செய்தனர் என்னும் இடத்தில். 1750 சனவரியில் மார்த்தாண்டவர்மர் தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமிக்குத் திருப்படித்தானமாக ஒப்புவித்து, தம்மைப் பத்மநாபதாசர் என்று வழங்கிக்கொண்டார். சேர்ந்த பொருளில் ஒரு பகுதி கோயில் நிலவறைக்குச் சென்றது. 2011இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணைவழி அறைகள் திறந்து கணக்கெடுக்கப்பட்டபோது உலகம் வியந்தது. கும்பினியோ தன் பங்குடையார்க்கு ஊதியம் பகிர்ந்தளித்து, கடன்பட்டு, 1799இன் முடிவிற் கலைந்தது. எம்மூர்த்திக்கு அளிக்கப்பட்டது என்பது ஈண்டு ஆராய்ச்சியன்று. அரசன் ஒருவன் தன் செல்வம் தன்னதன்று என்று ஊரறிய உரைத்தான் என்பதே கருதற்பாலது.

இதுகாறும் கூறியவை பழமைக்குச் சார்பாவன. ஆயின் இவ்வளவில் நிற்றல் நேர்மையாகாது. கோயிலுக்கு விடப்பட்ட அச்செல்வத்தை விளைத்தவர் யாவர்? மிளகுக்கொடி பேணியவரும் வயலில் இறங்கியவரும் பனையேறியவரும் கட்டுமரம் செலுத்தியவரும் அல்லரோ? அவர்மேல் தலைவரி இருந்தது. கூலியில்லாத ஊழியம் இருந்தது. திருவிதாங்கூரில் அடிமைமுறை முற்றும் ஒழிக்கப்பட்டது 1855இல். தோட்சீலை அணியும் உரிமைக்காக இத்தென்பகுதி மகளிர் பட்ட பாடு பல்லாண்டு நீண்டு, 1859இல் வந்த அரசாணைக்குப் பின்னரே தணிந்தது. சுசீந்திரத்துத் தாணுமாலயன் கோயிலைச் சூழ்ந்த தெருவில் நடத்தற்கே 1926இல் அறப்போர் நிகழ்த்த வேண்டியிருந்தது. எல்லா இந்துக்களும் கோயில் புகலாம் என்னும் ஆணை பிறந்தது 1936 நவம்பர் 12ஆம் நாள். ஊட்டுப்புரைகளில் நாள்தோறும் சோறிட்டனர். இலையில் அமர்ந்தவர் அந்தணர். மீன் விடப்பட்டது உண்மை. ஆயின் வலை வீசியவன் அக்கரைக்கே வரலாகாது என்று தடுக்கப்பட்டிருந்தான்.

இத்தடைகளை உடைத்ததிற் பொருளியன் மாற்றத்திற்குப் பங்குண்டு என்பதை மறைத்தல் சைவர்க்கு அழகன்று. கூலி காசாகக் கைக்கு வந்தபோது ஊழியம் இழிவென்று தெரிந்தது. தோட்டத் தொழிலும் கடல்கடந்த வேலையும் மறைப்பள்ளிகள் தொடங்கிய கல்வியும் இங்குள்ள எளியோரை நிமிரச் செய்தன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இம்மாவட்டத்து எழுத்தறிவு நூற்றுக்கு 91.75, தமிழ்நாட்டு மாவட்டங்களுள் அதுவே முதன்மை. பழைய முறை இருந்தவாறே இருந்திருப்பின் இவ்வெண் தோன்றியிராது. நாயன்மார் அறுபத்துமூவருள் நுளையரையும் புலையரையும் குயவரையும் வண்ணாரையும் வைத்து வழிபடும் சமயத்தார், அக்குலத்தார் வழித்தோன்றல்களை வாயிலில் நிறுத்தியிருந்தனர் என்பது நினைக்குந்தோறும் நாணத்தக்கதொரு செய்தி. இழந்த பண்பாட்டிற்கு இரங்குவோர், அது யாருடைய பண்பாடாக இருந்தது என்பதையும் உடன்வைத்து இரங்கல் வேண்டும்.

அங்ஙனமாயின் முதலாளித்துவத்தின்மேற் குறையொன்றும் இல்லையோ எனின், உண்டு. அதனைக் காட்டுதற்கு மணவாளக்குறிச்சி மணல் போதும். 1909இல் ஷோம்பர்க் என்னும் செர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரினின்று சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து அதில் மோனசைட்டு என்னும் கனிமம் இருத்தலைக் கண்டார். அதன் மூலத்தைத் தேடி இக்கரைக்கு வந்தார். மோனசைட்டிலிருந்து பெறப்படும் தோரியம், அக்காலத்து ஐரோப்பிய நகரங்களில் எரிந்த வாயுவிளக்கின் வலைத்திரிக்கு இன்றியமையாதது. அதுவரை பிரேசில் நாட்டு மணலையே நம்பியிருந்த அத்தொழிலுக்கு இக்கரை புதையலாயிற்று. 1914இல் பெரும்போர் மூண்டதும் செர்மானியர் கையினின்று ஆங்கிலேயர் கைக்கு அது மாறிற்று. கட்டுமரம் இழுத்தேற்றவும் வலை உலர்த்தவும் மீன் காயவைக்கவும் பயன்பட்டுவந்த கருமணல், தொலைவில் ஒரு கணக்கேட்டில் நிறையும் விலையுமாயிற்று.

இம்மணலால் ஐரோப்பியத் தெருக்கள் ஒளிபெற்றதை வெறுத்தல் ஆகாது. ஒளி எங்குப் பரவினும் நன்றே. ஆராய்தற்குரியது வேறு. ஊதியத்தைத் துய்த்த பங்குடையார் மணவாளக்குறிச்சியைக் கண்டவரல்லர். காணவேண்டிய தேவையும் அவர்க்கில்லை. மணலை எடுப்பவன் கூலியாள்; ஏவுபவன் மேலாளன்; பயன் துய்ப்பவன் பங்குடையான்; கரை அரிக்குமாயின் வருந்துபவன் வேறொருவன். 1855இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டம், கும்பினி என்ன செய்யினும் பங்குடையான் தன் பங்கின் அளவிற்கே பொறுப்பாவான் என்று வரையறுத்தது. வாணிகம் விரிதற்கு இவ்வரையறை பேருதவி புரிந்தது என்பதில் ஐயமில்லை. கன்மக் கொள்கையை உடையார்க்கு இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. செய்தவனே நுகர்வான் என்பதும், அந்நுகர்ச்சியைச் செய்தவனிடத்தே தப்பாது கூட்டுபவன் இறைவன் என்பதும் சித்தாந்தம். பதியின் முன்னிலையிற் பங்களவிற்குமேற் பொறுப்பில்லை என்னும் வரையறை செல்லாது. ஆயினும் உலகியலில், செய்கைக்கும் செய்தவன் கண்ணுக்கும் இடையே திரை விழுந்துவிடுகின்றது. தன் வினையின் விளைவைக் கண்டு இரங்கும் வாய்ப்பு ஓர் உயிர்க்கு இல்லையாயின் அது பக்குவப்படும் வழி எது?

இன்னும் ஒன்று. சட்டத்தின் நோக்கிற் கும்பினி ஓர் ஆள். வழக்காடும், வாங்கும், விற்கும், கடன்படும். சித்தாந்தத்தின் நோக்கில் அஃது உயிரன்று. அதற்கு ஆணவமலம் இல்லை. எனினும் அடங்காது ஈட்டும் இயல்பு அதன் அமைப்பிலேயே வைக்கப்பட்டுள்ளது. ஆணவமுடைய உயிர் ஒருநாள் களைத்து, வெறுத்து, கையிலுள்ளதை விட்டுவிடல் கூடும். மார்த்தாண்டவர்மர் விட்டார், அமர்நீதியார் தட்டில் ஏறினார். கும்பினி களைப்பதில்லை, முதுமையும் சாக்காடும் பற்றிய அச்சம் அதற்கில்லை, தட்டில் ஏறுதற்கு மனைவியும் மைந்தனும் இல்லை. ஊதியத்தை விட்டுவிடும் மேலாளனைப் பங்குடையார் பணியினின்று நீக்குவர். ஆகவே அமைப்பின்படி அதிபத்தராக இயலாதது அது.

இக்குறை தனியார் கும்பினிக்கே உரியது, அரசுடைமையாக்கின் நீங்கும் என்பாரும் உளர். மணவாளக்குறிச்சி ஆலையை இன்று நடத்துவது இந்திய அருமணல் நிறுவனம்; 1950இல் தோன்றி, 1963இல் நடுவண் அரசிற்கே முழுதும் உரியதானது. ஆயினும் 2024இல் கிள்ளியூர் வட்டத்துக் கரையூர்களில் 1144 ஹெக்டேர் அளவிற் கனிமணல் எடுக்கும் முன்மொழிவு வந்தபோது கரைவாழ்நர் எதிர்த்தெழுந்தனர். அதற்குமுன் 2016இல் குளச்சலை அடுத்த இனையத்திற் பெருங்கலத்துறை அமைக்க நடுவண் அமைச்சரவை கொள்கையளவில் இசைந்தபோதும் அவ்வாறே எதிர்த்தனர். திட்டம் வேறிடம் நோக்கிற்று. 2004 திசம்பரில் ஆழிப்பேரலை குளச்சலையும் அடுத்துள்ள கொட்டில்பாட்டையும் எத்துணைக் கொடுமையாகத் தாக்கிற்று என்பதை மறவாதவர்கள் அவர்கள். கரை எத்துணை மெல்லியது என்பது அவர்க்குப் பட்டறிவு. உடைமையாளர் பெயர் மாறினும், தொலைவிலிருந்து எண்ணும் கணக்கு மாறாதவரை இப்பிணக்குத் தொடரும் என்பதே இவற்றாற் பெறப்படுவது.

இனி, இந்தியச் சமயங்கள் முதலாளித்துவத்திற்கு இயையாதன என்று 1916 அளவில் எழுதிய செர்மானிய அறிஞர் மாக்சு வெபர் கருத்தும் ஈண்டு ஆராயற்பாலது. அவர் 1904, 1905ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நூலில், புரொட்டசுடாந்து நெறியினருள் ஒருசாரார் ஈட்டியதைத் தாமும் துய்க்காது தொழிலிலேயே மீண்டும் இட்டுப் பெருக்கியமையே முதலாளித்துவ மனப்பான்மைக்கு வித்தாயிற்று என்றார். துய்த்தலும் இல்லை, விடுத்தலும் இல்லை. சமயப்பற்று நீங்கிய பின்னரும் அப்பெருக்கும் பழக்கம் மட்டும் நின்று மக்களைச் சிறைப்படுத்தியது என்று அவரே வருந்தினார். இந்தியாவைப் பற்றி அவர் கூறியதற்கு மறுப்பாக நிற்பவர் நாட்டுக்கோட்டை நகரத்தார். பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் முதல் வைத்துப் பெருக்கிய அச்சைவ வணிகர், கணக்கிலேயே மகமை என்று ஒரு பகுதியை அறத்திற்கு ஒதுக்கினர். சிங்கப்பூரில் 1859இல் எழுந்த தண்டாயுதபாணி கோயில் அவர்தம் வழிபாட்டிற்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் ஒருங்கே நடுவிடமாயிற்று. பாடல்பெற்ற தலங்கள் பலவற்றைப் புதுக்கினர். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவர் கொடையில் தோன்றிற்று. முதலாளித்துவத்திலும் மீனை விடுதல் கூடும் என்பதற்கு மகமை தக்க சான்று.

சான்று தக்கதே, எனினும் அதனையும் ஆராயாது விடுதல் ஒண்ணாது. 1930க்குப் பின் நெல்விலை வீழ்ந்தபோது கீழ்ப்பர்மா உழவர் கடனை இறுக்கமாட்டாது நிலத்தை இழந்தனர். அப்பகுதியின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் நூற்றுக்கு 6 ஆக இருந்த நகரத்தார் நிலம் 1938க்குள் நூற்றுக்கு 25 ஆயிற்று. நிலத்தை அவர் விரும்பிக் கொண்டிலர், காசே வேண்டினர் என்பர், அது மெய்யாகலாம். நிலமிழந்த உழவனுக்கு அதனால் ஆறுதல் இல்லை. அதிபத்தர் விட்டது தம் வலையில் தாம் பிடித்த மீன். அது விட்ட நாளிற் பசித்தது அவர் குடியே. மகமையில் விடப்பட்டதன் ஒரு பகுதி ஐராவதி ஆற்றங்கரை உழவன் இலையினின்று எடுக்கப்பட்டதாயின், கோபுரக் கலசத்தின் ஒளி அதனைத் தூய்மையாக்கிவிடுமா? மார்த்தாண்டவர்மரின் நிலவறைப் பொன்னைப் பற்றிக் கேட்ட கேள்வியே இங்கும் எழுகின்றது. பிறன் பசியைக் காணிக்கையாக்கும் வழக்கம் முதலாளித்துவத்திற்கு முன்னரே இருந்தது. அது வந்தபின் கணக்கு நுணுகிற்று.

மகமையின் இடத்தை இந்நாளிற் சட்டம் எடுத்துக்கொண்டுள்ளது. 2013ஆம் ஆண்டுக் கும்பினிச் சட்டம், குறித்த அளவிற்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்திய மூன்றாண்டு ஊதியச் சராசரியில் நூற்றுக்கு 2 பங்கைப் பொதுநலத்திற்குச் செலவிடல் வேண்டும் என்கின்றது. பயனுள்ள சட்டமே, அதனாற் பள்ளிக்கூரைகளும் குடிநீர்த் தொட்டிகளும் வந்துள்ளன. ஆயின் விட்ட மீனின்மேற் பெயரெழுதிக் கடலில் விடும் வழக்கம் நுளைப்பாடியில் இருந்ததாகத் தெரியவில்லை.

இறுதியாகச் சிவாலய ஓட்டம். இம்மாவட்டத்திற் பாடல்பெற்ற தலம் ஒன்றேனும் இன்று. மலைநாட்டிற்கு அப்பேறு திருவஞ்சைக்களம் ஒன்றற்கே வாய்த்தது. அக்குறையை நிறைப்பதுபோல் இங்குள்ளார் தம் காலாலேயே பன்னிரு தலங்களைக் கோத்துவைத்தனர். முன்சிறை திருமலையிற் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலத்தில் முடியும் அவ்வழி ஏறத்தாழ 110 கிலோமீட்டர். காவியுடுத்து, கையிற் பனையோலை விசிறி ஏந்தி, கோவிந்தா கோபாலா என்று கூவி ஓடுவர். குளத்தில் மூழ்கி, ஈர ஆடையோடு சந்நிதியில் நின்று விசிறியால் இறைவற்கு வீசி, மீண்டும் ஓடுவர். சிவாலயத்திற்கு ஓடுவோர் திருமாலின் பெயர் கூவுவது ஏன் என்பதற்கு ஒரு கதை வழங்குகின்றது. திருமால் பெயரைப் பொறாத சிவனடியாராகிய புருடாமிருகத்தைத் தருமனின் வேள்விக்கு அழைத்துவரச் சென்ற வீமன், அப்பெயரைக் கூவி ஓடினான்; அது துரத்தி நெருங்கும்போதெல்லாம் கண்ணன் தந்த உருத்திராக்கம் ஒன்றை நிலத்திலிட்டான்; அஃது இலிங்கமாயிற்று; புருடாமிருகம் நின்று பூசித்தது. பன்னிரண்டாவது இடத்தில் ஒரு கால் தன் எல்லையிலும் ஒரு கால் புருடாமிருகத்தின் எல்லையிலுமாக அகப்பட்டான். வழக்குத் தருமனிடம் சென்றது. தம்பியின் உடலிற் பாதி புருடாமிருகத்திற்கே உரியது என்று தருமன் தீர்ப்புரைத்தான்.

இவ்வோட்டத்திற்குப் பொருள்வளம் செய்தது என்ன? வழி எளிதாயிற்று. திற்பரப்பும் பொன்மனையும் சூழ்ந்த பகுதியில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகிக் குடிகள் கையிற் காசு புழங்குகின்றது. ஓடுவோரினும் இருசக்கர வண்டியிலும் காரிலும் செல்வோர் இன்று மிகுதி. பன்னிரு கோயிலையும் ஒரு பகலிற் கண்டு வீடு திரும்பலாம். மகளிரும் முதியோரும் கால் வலியுடையோரும் செல்ல முடிகின்றது. 1936க்கு முன் உட்புகல் மறுக்கப்பட்டிருந்த குலத்தாரும் இன்று சந்நிதியில் நிற்கின்றனர். இவற்றை இழப்பென்பார் தருமன் தீர்ப்பை மறந்தவராவர்.

இழப்பு வேறிடத்தில் உள்ளது. சரியை என்பது உடம்பாற் செய்யும் தொண்டு. வண்டியிற் செல்வார்க்கும் கோயிலின் எண்ணிக்கை பன்னிரண்டே. உடம்பு கொடுத்த ஒரு பகலும் ஓரிரவும் மட்டும் எண்ணெய்விலையாக மாறிவிடுகின்றன. நடக்கவியலாதார்க்கு வண்டி ஊன்றுகோல். நடக்கவல்லார்க்கு அது தொண்டினை விலைக்கு வாங்கும் வழி. இளைஞன் ஒருவன் இதனை உணராது செல்லல் அவன் குற்றமன்று. விலைகொடுத்துப் பெறுவதும் உடம்புகொடுத்துப் பெறுவதும் ஒன்றே என்னும் எண்ணம் அவன் வளர்ந்த காற்றிலேயே கலந்துள்ளது. இக்காற்றே முதலாளித்துவம் கொண்ட விலை. வீடும் பள்ளியும் மருத்துவமனையும் தந்து அது கொண்டது இது. திருப்பிக் கேட்டற்கு வழக்குமன்றம் இல்லை, பெற்றவற்றைத் திருப்பிக் கொடுப்பார் யாரும் இலர், கொடுத்தலும் கூடாது.

ஆயினும் ஓட்டம் நின்றபாடில்லை. ஆண்டுதோறும் வெறுங்காலோடு ஓடுவோர் கூட்டமாகவே வருகின்றனர். அவர்க்கென வழிநெடுக ஊரார் தம் செலவில் மோரும் பானகமும் சுக்குநீரும் வைத்துக் காத்திருக்கின்றனர். விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்திற் பால்வெட்டி அன்றைய கூலியைப் பெற்றவர்களும் அவர்களுள் உளர். குவளை நீட்டும்போது ஓடுபவன் எக்குலத்தான் என்று அவர்கள் கேட்பதில்லை. குடித்தவர் எத்துணைப்பேர் என்று எண்ணிவைப்பதுமில்லை. வண்டியில் வருவோர் சிலரும் இறங்கி வாங்கிக் குடிக்கின்றனர். பானை ஒழியும்போது கிணற்றினின்று மீண்டும் முகந்து ஊற்றுகின்றனர்.